ஒரே மலை, நாலு ஊர்!

களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் கிராமத்துக்குப் போன சமயத்தில் ஒரு தரமாவது பார்த்திருப்பீர்கள். முறத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மெல்லச் சரிப்பார்கள். கனத்த நெல் காலடியிலேயே பொலபொலவென்று குவியும். கருக்காய் இரண்டடி தள்ளி விழும். பதர் இன்னும் அப்பால் போகும். தூசு இருக்கிறதே, அது அடுத்த களத்தில் நிற்பவர் கண்ணில் போய் விழுந்து வசவு வாங்கி வைக்கும்!

எரிமலையும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. முறம் மட்டும் கொஞ்சம் பெரிது.

மலையின் வாயிலிருந்து கிளம்பும் பெரிய பாறைத் துண்டுகள் வாயைச் சுற்றியே விழுந்துவிடுகின்றன. கடுகு அளவிலிருந்து சாத்துக்குடி அளவு வரையுள்ள சிறு கற்கள் காற்றோடு பல கிலோமீட்டர் பிரயாணம் செய்து விழுகின்றன. கடுகை விடப் பொடியானதற்கு 'சாம்பல்' என்று பெயர். ஆனால் நம் அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொள்ளக் கூடாது. இதில் எரிந்து போனது எதுவுமே கிடையாது. பாறையும் கண்ணாடியும் மாவு மாவாக நொறுங்கியதுதான் இது. நீரில் கரையாது, நனைந்தால் கனம் இன்னும் கூடும்.

"அப்படியானால் விஷயம் சுலபமாகப் போயிற்று. மலைக்குப் பக்கத்தில் பெரிய கல், அதிக ஆபத்து. தூரத்தில் பொடி, குறைந்த ஆபத்து. அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம்.

அதுதான் இல்லை. அது பாதிக் கதை. மறுபாதியை அறியாததால் ஒரு ஊரே மாண்டது. இத்தாலி தேசத்தில் வெசூவியஸ் என்ற மலை கி.பி. 79-ஆம் ஆண்டில் வெடித்தபோது நாலு ஊர்களுக்கு நாலு விதமாகப் படியளந்தது. எந்த ஊருக்கு எதை அளந்தது என்று பார்த்தால் அந்த மறுபாதி தானாக விளங்கிவிடும்.

முதலில் பார்த்தவள் ஒரு தாய்

நேப்பிள்ஸ் விரிகுடாவின் மேற்கு முனையில் மிசேனம் என்ற துறைமுகம் இருந்தது. வெசூவியஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ரோமாபுரியின் கடற்படை அங்கே நங்கூரம் பாய்ச்சியிருந்தது. அதன் தலைவர் பிளினி; இயற்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் வீட்டில் அவருடைய சகோதரியும், அவளுடைய பதினேழு வயது மகனும் இருந்தார்கள். மகன் பெயரும் பிளினிதான். ஆகையால் மாமாவை மூத்த பிளினி என்றும் மருமகனைச் சின்னப் பிளினி என்றும் சொல்வது வழக்கம்.

அன்று பகல் சுமார் ஒரு மணி. மாமா குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கிறார். அந்தச் சமயத்தில், வானத்தில் விசித்திரமான மேகம் ஒன்று எழும்புவதைக் கவனித்தவள் அந்தத் தாய்தான். அவள் சொன்ன பிறகே மாமா செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்த்தார். அந்த நாட்டுப் பைன் மரம் ஒன்று, நீண்ட அடிமரத்தோடு, உச்சியில் குடை போல விரிந்து நிற்கும் தோற்றம் அந்த மேகத்துக்கு இருந்தது.

இதையெல்லாம் நாம் எப்படி அறிகிறோம்? சின்னப் பிளினி சுமார் கால் நூற்றாண்டுக்குப் பிறகு, டாசிடஸ் என்ற சரித்திர ஆசிரியருக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் இருந்து. இன்றைக்கும் அம்மாதிரி உயர்ந்து எழும் எரிமலைச் சீற்றத்துக்கு விஞ்ஞானிகள் 'பிளினிச் சீற்றம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்த தாயின் பெயர் அதற்குக் கிடைக்கவில்லை!

நிகழ்ந்த மாதத்தைப் பற்றி மட்டும் ஒரு சர்ச்சை உண்டு. ஆகஸ்டு 24 என்று நெடுங்காலமாக எழுதி வந்தார்கள். 2018-இல் பொம்பெயி நகரத்துச் சுவர் ஒன்றில் கரித்துண்டால் கிறுக்கியிருந்த ஒரு தேதி அகப்பட்டது. அது அக்டோபர் மாதத்துத் தேதி. ஆகவே சீற்றம் அக்டோபர் கடைசியில்தான் நடந்திருக்க வேண்டும் என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

பொம்பெயி: கல் மழை

மலையிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் பொம்பெயி. அன்று மேலே அடித்த காற்று அந்தத் திசையை நோக்கித்தான் அடித்தது. மேகத் தூணோ சுமார் 30 கிலோமீட்டர் உயரம் எழும்பியிருந்தது. ஆகாய விமானங்கள் பறக்கும் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. அவ்வளவு உயரத்திலிருந்து தூற்றினால் சும்மா இருக்குமா? பிற்பகலில் ஆரம்பித்த கல் மழை இரவு முழுவதும் விடவில்லை.

விழுந்தது பியூமிஸ் கல். குதிகால் வெடிப்பைத் தேய்ப்பதற்குக் கடைகளில் விற்கிறார்களே, துளை துளையாக, இறகு போன்ற கனத்தோடு, தண்ணீரில் போட்டால் மிதக்கும் கல், அதே ஜாதிதான். உருகிய பாறையில் அடைபட்டிருந்த வாயுக்கள் ஒரே சமயத்தில் நுரைத்துப் பொங்க, அந்த நுரை அப்படியே உறைந்து கல்லாகிவிடுகிறது. தனிக் கல் ஒன்று தலையில் விழுந்தால் பிராணாபத்து இல்லை. ஆனால் மணிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வீதம் அது கூரையின் மேல் ஏறிக்கொண்டே போனால்?

ஒரு முழ உயரம் சேர்வதற்குள் பல வீடுகளின் கூரைகள் முறியத் தொடங்கியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். வெளியே கல் விழுகிறதே என்று வீட்டுக்குள் ஒதுங்கியவர்களின் மேல் வீடே விழுந்தது. பொம்பெயியில் கண்டெடுத்த உடல்களில் நூற்றுக்குச் சுமார் 38 இந்தக் கல் அடுக்கில்தான், பெரும்பாலும் கட்டிடங்களுக்குள்ளே அகப்பட்டன. மழை ஓய்ந்தபோது தெருவில் கல் 2.8 மீட்டர் நின்றது. ஒன்றரை ஆள் உயரம்!

அந்தக் கல் அடுக்கை இன்றைக்கும் பார்க்கலாம். அடியில் வெள்ளைக் கல், மேலே சாம்பல் நிறக் கல். மலைக்குள்ளே பானையின் மேல்பாகத்தில் இருந்தது முதலில் வெளிவந்தது, அது வெள்ளை. அடிப்பாகத்தில் இருந்தது பிறகு வந்தது, அது கறுத்தது. பானை தலைகீழாகக் கவிழ்ந்ததைப் போல, உள்ளே மேலே இருந்தது வெளியே கீழே போய்விட்டது.

ஸ்டேபியே: தலையணையே தலைப்பாகை

மூத்த பிளினி வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மலை அடிவாரத்தில் வசித்த ரெக்டினா என்ற சீமாட்டி, தன்னைக் காப்பாற்றும்படி அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். மாமா பெரிய கப்பல்களைக் கிளப்பிக்கொண்டு மலையை நோக்கியே புறப்பட்டார். கூட வருகிறாயா என்று மருமகனைக் கேட்டார். பையன், "எனக்குப் பாடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டான். படிப்பு உயிரைக் காப்பாற்றியது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது!

கப்பல் நெருங்க நெருங்க என்ன நடந்தது என்பதை அவன் பிறகு விசாரித்து எழுதி வைத்திருக்கிறான். முதலில் சாம்பல் விழுந்தது. இன்னும் போகப் போகச் சாம்பல் சூடாகவும் அடர்த்தியாகவும் விழுந்தது. அப்புறம் பியூமிஸ் கற்களும், தீயில் கருகி வெடித்த கற்களும் விழுந்தன. மலையை அணுகும்போது பொடி மாறிக் கல்லாவதை, இவ்விஷயத்தில் ஒரு பாடமும் படிக்காத மாலுமிகள் தங்கள் கப்பல் தளத்திலேயே கண்டுவிட்டார்கள். கரையோரம் திடீரென்று ஆழம் குறைந்துவிட்டதால் ரெக்டினாவின் வீட்டுப் பக்கம் இறங்க முடியவில்லை. திசை திருப்பி, மலைக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருந்த ஸ்டேபியேயில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே குளித்தார், சாப்பிட்டார், மற்றவர்கள் பயப்படக் கூடாது என்பதற்காகச் சிரித்துப் பேசினார், குறட்டை விட்டு உறங்கவும் செய்தார். ஆனால் முற்றத்தில் கல்லும் சாம்பலும் ஏறிக்கொண்டே போயின. இன்னும் சற்று நேரம் விட்டால் அறைக் கதவைத் திறக்கவே முடியாது என்ற நிலை வந்ததும் அவரை எழுப்பினார்கள். உள்ளே இருந்தால் வீடு ஆடுகிறது. வெளியே போனால் கல் விழுகிறது. கடைசியில் தலைக்குத் தலையணை வைத்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்கள்.

இந்தத் தலையணை ஒன்றே எவ்வளவு விஷயம் சொல்கிறது, பாருங்கள்! தலையணை கட்டிக்கொண்டு நடமாட முடிந்தது என்றால், விழுந்த கல் சிறியது, லேசானது என்று அர்த்தம். அவருடன் இருந்தவர்கள் தப்பியோடினார்கள். மூத்த பிளினி மட்டும் கடற்கரையிலேயே மூச்சுத் திணறி இறந்து போனார்.

ஹெர்குலேனியம்: ஒரு சாண் கூட இல்லை!

இனிமேல்தான் நான் சொன்ன மறுபாதி வருகிறது.

ஹெர்குலேனியம் மலைக்கு மேற்கே வெறும் 7 கிலோமீட்டரில் இருந்த அழகான சிறு கடற்கரைப் பட்டணம். பொம்பெயியை விட மலைக்குக் கிட்ட. ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் அங்கே விழுந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு சாண் கூட இல்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது அல்லவா? தூற்றுகிறவளின் முதுகுப் பக்கம் நிற்பவர் மேல் பதர் விழாது.

அந்த ஊர் ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? தூரத்தில் இருக்கும் பொம்பெயி கல்லில் புதைந்துகொண்டிருக்கிறது. தங்கள் கூரை ஓடு கூட உடையவில்லை. பலர் அப்போதே ஊரை விட்டுப் போய்விட்டார்கள். சுமார் 300 பேர் போகவில்லை, அல்லது போக முடியவில்லை. படகு வைக்கும் கல் வளைவு அறைகளிலும் கடற்கரையிலும் வந்து கூடினார்கள். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அறைகளுக்குள்ளே. ஆண்களில் பலர் வெளியே மணலில்.

அடுப்பில் பால் பொங்கி எழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தீ வேகமாக இருக்கும் வரையில் நுரை பானைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். ஒரு கட்டத்தில் தன் கனம் தாங்காமல் சரிந்து, பானையின் விலாப்பக்கமாக வழிந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு வெசூவியஸின் மேகத் தூணுக்கு அதுதான் நேர்ந்தது. உள்ளிருந்து தள்ளிய வேகம் தூணைத் தாங்கப் போதவில்லை. தூணின் ஒரு பகுதி சரிந்தது. பல நூறு டிகிரி சூடுள்ள வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாகக் கலந்து, மலைச்சரிவில் வெள்ளம் போல இறங்கின. ஓடித் தப்பக்கூடிய வேகம் அல்ல. சில நிமிஷங்களில் அது கடற்கரைக்கு வந்துவிட்டது.

இந்த வெள்ளத்துக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. பள்ளம் எங்கே என்பதுதான் கணக்கு. முதல் அலை உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்தடுத்து வந்த அலைகள் ஊரையே மூடின. பொழுது விடிந்து மறுநாள் கழிவதற்குள் ஹெர்குலேனியம் சுமார் 20 மீட்டர் ஆழத்தில், அதாவது ஆறு மாடி உயரத்துக்குப் புதைந்துவிட்டது. அதன் மேல் கட்டப்பட்ட எர்க்கொலானோ என்ற ஊரில் இன்று ஜனங்கள் வசிக்கிறார்கள்.

நெடுங்காலம் வரையில், இந்த ஊரில் எலும்புக்கூடுகள் அதிகம் அகப்படாததால் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்றே நம்பியிருந்தார்கள். 1980-க்குப் பிறகு அந்தப் படகு அறைகளைத் தோண்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அவர்களில் ஒரு பெண்ணின் விரலில் இரண்டு தங்க மோதிரங்கள் அப்படியே இருந்தன; அருகிலேயே அவளுடைய காப்புகள். வீட்டை விட்டு ஓடும் அவசரத்திலும் நகையை மறக்கவில்லை. அதாவது, திரும்பி வந்து வாழப் போகிறோம் என்றே நம்பியிருக்கிறாள்.

அந்தச் சூட்டில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. காற்றுப் புகாமல் ஒரேயடியாக மூடிவிட்டதால் மரச் சாமான்கள் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி நின்றுவிட்டன. கட்டில், அலமாரி, கதவு, குழந்தைத் தொட்டில், முத்திரை குத்திய ரொட்டி, ஒரு மாளிகையில் நூலகம் நிறைய ஓலைச் சுருள்கள் போன்ற பாப்பிரஸ் ஏடுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. பொம்பெயியின் கல் அடுக்கோ சல்லடை போன்றது. காற்றும் நீரும் தாராளமாகப் புகுந்ததால் அங்கே மரம் பெரும்பாலும் மக்கிப் போயிற்று. தோண்டுவதிலும் வித்தியாசம் உண்டு. பொம்பெயியின் பியூமிஸை மண்வெட்டியால் அள்ளலாம். ஹெர்குலேனியத்தை மூடியதோ பாறையாக இறுகிவிட்டது. உளி கொண்டு செதுக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே எலி வளை போலச் சுரங்கம் குடைந்துதான் உள்ளே போனார்கள்.

இந்த வெள்ளம் பொம்பெயியைச் சும்மா விட்டதா என்றால், அதுவும் இல்லை. மறுநாள் காலை, கல் மழை தணிந்து, "பிழைத்தோம்" என்று சிலர் கல் குவியலின் மேல் நடக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு பெரிய அலை அங்கேயும் எட்டியது. 10 கிலோமீட்டர் வந்ததில் அதன் சூடும் கனமும் குறைந்திருந்தன. ஆனாலும் உயிரை எடுக்கப் போதுமானதாக இருந்தது. அது படியவைத்தது மெல்லிய மாவுச் சாம்பல். அது உடலைச் சுற்றி அச்சு வார்த்ததைப் போல இறுகியது. உடல் மறைந்த பிறகும் அச்சு மிஞ்சியது. 1863-இல் பியோரெல்லி என்ற அதிகாரி அந்த வெற்றிடங்களில் சுண்ணச் சாந்தை ஊற்றி, மடிந்தவர்களின் உருவங்களை எடுத்தார். உலகம் முழுவதும் படங்களில் பார்த்துக் கண்கலங்கும் பொம்பெயி உருவங்கள் இவைதான். கீழே இருக்கும் கல் அடுக்கில் இப்படி அச்சுப் பதியாது. சரளைக் குவியலில் முகம் பதியுமா?

மிசேனம்: உதற உதற...

30 கிலோமீட்டர் தொலைவில் தாயும் மகனும் என்ன ஆனார்கள்? மறுநாள் காலை பூமி ஆடியது, வண்டிகள் தாமாக உருண்டன, கடல் பின்வாங்கியது. கருமேகம் கடலைக் கடந்து வந்தது. "எனக்கு வயதாகிவிட்டது, உடம்பும் கனம். நீ ஓடிப் பிழைத்துக்கொள்" என்ற கருத்தில் தாய் கெஞ்சினாள். மகன் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். இருட்டில் கூட்டம் மிதித்துவிடும் என்று பாதையை விட்டு ஒதுங்கி இருவரும் உட்கார்ந்தார்கள். மேலே சாம்பல் கொட்டிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது எழுந்து உதறிக்கொண்டார்கள். வெளிச்சம் வந்தபோது எங்கும் பனி பெய்தது போலச் சாம்பல் மூடியிருந்தது. அதே மலை, அதே சீற்றம். ஆனால் இவர்கள் வீடு திரும்பினார்கள். உதறினால் போகக்கூடியதாக வந்ததால்தான் நமக்கு அந்தக் கடிதங்கள் கிடைத்தன.

பாறை படிக்கும் வித்தை

அந்த ஒரு சம்பவத்தை நேரில் பார்த்து எழுதியவர் இருந்தார். மற்ற எரிமலைகளுக்கு எழுதி வைக்க யார் இருந்தார்கள்? அதனால்தான் பூகர்ப்ப சாஸ்திரிகள் மண் அடுக்குகளையே கடிதமாகப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

வானத்திலிருந்து விழுந்த அடுக்கு ஒரு போர்வையைப் போல இருக்கும். மேடு, பள்ளம், கூரை என்ற பேதமின்றி ஒரே கனத்தில் மூடும். அதில் கற்கள் ஏறக்குறைய ஒரே அளவாக, சலித்து எடுத்தது போல இருக்கும். தரையோடு ஓடிவந்த அடுக்கு அப்படியல்ல. பள்ளத்தை நிரப்பி, மேட்டில் மெலிந்து, பெரிய கல்லும் பொடியும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். அதில் லேசான வெப்ப அலைகள் படியவைத்த இடங்களில், கடற்கரை மணலில் காற்று போடும் வரிகளைப் போல வளைவுகள் தெரியும்.

விழுந்த அடுக்கின் கனத்தை ஊர் ஊராக அளந்து, ஒரே கனமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், காற்றுத் திசையில் நீண்ட ஒரு முட்டை வடிவம் வரும். ஒவ்வொரு இடத்திலும் அகப்பட்ட பெரிய கல்லின் அளவையும் அப்படியே இணைத்தால், மேகத் தூண் எவ்வளவு உயரம் எழும்பியது என்பதைக் கூடக் கணக்கிடலாம். இந்த வித்தையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வாக்கர் என்ற பிரிட்டிஷ் அறிஞர். ஹெர்குலேனியத்தையும் பொம்பெயியையும் மூடிய அடுக்குகளை 1980-களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் படித்து, மணி வாரியாக நடந்ததைச் சொன்னவர் ஐஸ்லாந்தில் பிறந்த ஹரால்டர் சிகுர்ட்சன்.

தரையோடு வரும் வெள்ளம் என்ன செய்யும் என்பதை உலகம் அறிந்துகொண்டது வேறொரு துயரத்தால். 1902 மே 8-ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் மார்ட்டினிக் தீவிலுள்ள பெலே மலை சீறியது. செயின்ட் பியேர் என்ற பட்டணத்தில் சுமார் 28,000 பேர் சில நிமிஷங்களில் மாண்டார்கள். அதற்கு முந்திய நாட்களில் அங்கேயும் சாம்பல் மட்டுமே தூவிக்கொண்டிருந்தது.

எவ்வளவு தூரம் போகும்?

கி.பி. 472-இல் வெசூவியஸ் சீறியபோது சாம்பல் கான்ஸ்டான்டிநோபிள் நகரம் வரை போயிற்று என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை விடவும் பெரிய முறம் ஒன்று உண்டு. அது தூற்றியது நம் தேசத்திலேயே விழுந்திருக்கிறது.

சுமத்ராத் தீவில் தோபா என்று ஓர் ஏரி இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். அது ஏரி அல்ல, எரிமலையின் வாய்! சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது, ஏரியைச் சுற்றி நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குப் பாறையாகப் படிந்தது. அங்கிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி ஆந்திரப் பிரதேசத்தில் ஜ்வாலாபுரம் என்ற கிராமம். அங்கே வானத்திலிருந்து விழுந்தது சில சென்டிமீட்டர் மாவுச் சாம்பல்தான். ஆனால் தோண்டிப் பார்த்தால் இரண்டு மீட்டருக்கும் மேல் இருக்கிறது. ஏன்? கூடம் பெருக்கினால் குப்பை மூலையில் சேருகிறதே, அதேபோல மழைநீர் சுற்றுவட்டாரச் சாம்பலையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் சேர்த்துவிட்டது. கனத்தை மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம் என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை.

சுத்தம் செய்யும் தூள் தயாரிப்பதற்காக அங்கத்திய ஜனங்கள் இந்தச் சாம்பலை வெட்டி எடுத்து வந்தார்கள். அந்தக் குழிகளில்தான் ஆராய்ச்சியாளர்கள், சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே விதமான கற்கருவிகளைக் கண்டெடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். 2,600 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள் அந்தப் பேரிடரையும் தாண்டி வாழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இன்று அங்கே இருப்பவர்கள்

வெசூவியஸ் கடைசியாகச் சீறியது 1944 மார்ச்சில். சிறு சீற்றம்தான். அப்போதும் அதே பாடம்: மலைச்சரிவிலுள்ள சான் செபாஸ்தியானோ கிராமத்தை நெருப்புக் குழம்பு அழித்தது, காற்றுத் திசையில் தள்ளியிருந்த ஊர்களிலோ சாம்பல் பாரத்தால் கூரைகள் இடிந்து ஆட்கள் மாண்டார்கள்.

எரிமலை மண் வளமானது. திராட்சை நன்றாக விளையும். விரிகுடாவோ அழகு கொழிப்பது. ஆகவே ஜனங்கள் போவார்களா? மலையைச் சுற்றி இத்தாலிய அரசாங்கம் 'சிவப்பு வட்டம்' என்று வகுத்திருக்கும் 25 ஊராட்சிகளில் சுமார் 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அதற்கு வெளியே 'மஞ்சள் வட்டம்'. இரண்டும் தூரத்தை மட்டும் அளந்து போட்ட வட்டங்கள் அல்ல. பழைய அடுக்குகளைப் படித்து, தரையோடு வரும் வெள்ளம் எட்டக்கூடிய இடமும், சாம்பல் பாரத்தால் கூரை முறியும் அபாயம் அதிகமுள்ள இடமும் சிவப்பு என்றும், அதற்கு வெளியே கணிசமாகச் சாம்பல் விழக்கூடிய இடம் மஞ்சள் என்றும் வகுத்திருக்கிறார்கள். மஞ்சளில் இருப்பவர்கள் கூரையைப் பலப்படுத்தலாம், தேவைப்பட்டால் விலகலாம். சிவப்பில் இருப்பவர்களுக்கு ஒரே வழிதான்: மலை வெடிப்பதற்கு முன்பே புறப்பட்டுவிட வேண்டும். எச்சரிக்கை கொடுத்த 72 மணி நேரத்துக்குள் அத்தனை பேரையும் அப்புறப்படுத்துவது என்பது அரசாங்கத்தின் திட்டம். அந்த எச்சரிக்கைக்காக, 1841-இல் நிறுவப்பட்ட வெசூவியஸ் ஆராய்ச்சி நிலையம் இரவு பகலாக மலையின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"காற்று எங்கள் பக்கம் அடிக்காது" என்று யாரும் தைரியமாக இருந்துவிட முடியாது. சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன் இதே மலை இன்னும் பயங்கரமாகச் சீறியபோது கல் மழை வடகிழக்கே போயிற்று; தரையோடு வந்த வெள்ளமோ இன்றைய நேப்பிள்ஸ் நகரம் இருக்கும் திசையில் பாய்ந்திருக்கிறது. நோலா என்ற ஊரில் 2001-இல் அந்தக் காலத்துக் குடிசைகள் சில, பானை சட்டிகளோடும், பட்டியில் அடைபட்ட சினை ஆடுகளோடும் வெளிப்பட்டன. குடிசையில் ஆட்கள் இல்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் சாம்பலே எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சமவெளியில் பல இடங்களில், ஈரச் சாம்பலில் ஆயிரக்கணக்கான காலடிச் சுவடுகள் பதிந்திருக்கின்றன. பெரிய பாதங்களும் உண்டு. சின்னப் பாதங்களும் உண்டு. எல்லாம் மலைக்கு முதுகைக் காட்டி, ஒரே திசையில் போகின்றன.